அல்கலியும் அயனியும்

மீலாது மேடைகளிலும், கல்லூரி ஆண்டு மலர்களிலும், நம்மவர் நடத்தும் ஏடுகளிலும் தவறாமல் இடம்பெறும் செய்தி ஒன்றுண்டு. கந்தகத் திராவகம், வெடியுப்புத் திராவகம், பொன்னையும் கரைக்கும் இராச திராவகம் ஆகிய மூன்றையும் உலகுக்கு முதன்முதல் வழங்கியவர் ஜாபிர் இப்னு ஹய்யான் என்பதே அச்செய்தி. நாமும் அதனைக் கேட்டிருக்கிறோம், கேட்டு மகிழ்ந்திருக்கிறோம், ஆராயாமல் பிறருக்கு எடுத்துச் சொல்லியும் இருக்கிறோம். ஆனால், ஒரு செய்தியை ஏற்பதற்கு முன்னால் அதனைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் நம்பத்தக்கவர்தாமா என்று அறிவிப்பாளர் தொடரை அலசிப் பார்க்கும் கலையைப் பேணி வளர்த்த சமுதாயம் நம்முடையது. ஹதீஸ் கலையில் இஸ்னாத் என்று போற்றப்படும் அந்த உரைகல்லில் நம் வரலாற்றுப் பெருமைகளையும் உரைத்துப் பார்க்க வேண்டாமா?

உரைத்துப் பார்த்தால் சில பெருமைகள் நிறம் மாறக்கூடும். ஆயினும் அந்த இடத்தில், எவராலும் அசைக்க முடியாத வேறு பெருமைகள் துலங்கி நிற்கக் காண்போம். உப்பும் நீரும் கலக்கும் எளிய நிகழ்ச்சியிலிருந்து பிறந்த கரைசல் இயலின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

பெயர் மாறிய நூல்கள்

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் கூஃபா நகரில் வாழ்ந்தவர் என்றும், இமாம் ஜஅஃபர் சாதிக் அவர்களின் மாணவர் என்றும் ஜாபிர் அறியப்படுகிறார். அவர் பெயரால் வழங்கும் நூல்களும் சிறு ஏடுகளுமாகச் சுமார் மூவாயிரம் தலைப்புகள் பட்டியலிடப்பட்டுள்ளன. இவ்வளவையும் ஒருவரே எழுதியிருக்க முடியுமா என்ற ஐயம் மேலைநாட்டார் கிளப்பிய புதுமையன்று. கி.பி. 987-இல் பக்தாதில் தம் நூற்பட்டியலைத் தொகுத்த இப்னு நதீம், அப்படியொரு மனிதரே இருந்ததில்லை என்று கூறுவோர் தம் காலத்திலேயே இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். அதனை மறுத்து, ஜாபிர் வாழ்ந்ததுண்டு என்று தம் கருத்தையும் எழுதியிருக்கிறார். ஐயத்தை மறைக்காமல் எழுதிவிட்டு மறுத்த அந்த நேர்மை நம் கவனத்துக்குரியது. அண்மைக் காலத்தில் பவுல் கிராவ்ஸ் என்னும் ஆய்வாளர் 1940-களில் கெய்ரோவிலிருந்து வெளியிட்ட நூலில், இவை பலர் கூடிப் பிற்காலத்தில் எழுதியவை என்று வாதிட்டார். துருக்கிய அறிஞர் ஃபுஆத் ஸெஸ்கின் அதனை ஏற்காமல், அவை ஜாபிருடையவையே என்று எதிர்வாதம் செய்தார்.

திராவகங்களின் செய்தி இதனினும் சிக்கலானது. வெடியுப்பு, துத்தம், படிகாரம் ஆகியவற்றைச் சேர்த்து வடித்துத் திராவகம் எடுப்பதும், அதில் நவச்சாரத்தைக் கரைத்துப் பொன்னைக் கரைப்பதும் தெளிவாகச் சொல்லப்படும் நூல் இலத்தீன் மொழியில், கி.பி. 1300-ஐ ஒட்டித் தோன்றியது. அதன்மீது பொறிக்கப்பட்டிருந்த பெயர் 'கெபர்' என்பதாகும். ஜாபிர் என்பதன் இலத்தீன் வடிவம் அது. அந்நாளில் ஐரோப்பியரிடம் ஜாபிரின் பெயருக்கு அத்தகைய மதிப்பு இருந்தது. தம் சரக்கை அப்பெயரால் விற்றவர்களும் இருந்தனர். இந்த இலத்தீன் நூல்களுக்கு அரபு மூலம் இல்லை என்பதை 1893-இல் பிரெஞ்சு வேதியியலார் பெர்த்தலோ எடுத்துக் காட்டினார். அவற்றுள் தலையாயதான நூலை எழுதியவர் இத்தாலியின் தாரந்தோ நகரத்துப் பவுல் என்னும் துறவி என்று 1991-இல் வில்லியம் நியூமன் நிறுவ முயன்றார். வேறு அரபு நூல்களில் திராவகத் தயாரிப்பின் சுவடுகளைக் காட்டி வாதிட்ட அஹ்மத் யூசுஃப் அல்-ஹசன் போன்ற அறிஞர்களும் உண்டு. வழக்கு முற்றிலும் முடிந்துவிடவில்லை. ஆனால் முடியாத வழக்கின் தீர்ப்பை நாமே எழுதிக்கொண்டு மேடையில் வாசிப்பது முறையாகாது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. கற்களும் மலைகளும் உருவாகும் விதம் பற்றியும், ஓர் உலோகத்தை மற்றோர் உலோகமாக மாற்ற இயலாது என்பது பற்றியும் இப்னு சீனா எழுதிய பகுதி, கி.பி. 1200-ஐ ஒட்டி இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, அரிஸ்டாட்டிலின் நூலோடு ஒட்டப்பட்டு, நெடுங்காலம் அரிஸ்டாட்டிலின் கூற்றாகவே ஐரோப்பாவில் வழங்கிற்று. நம்முடையது பிறர் பெயரில் வழங்கியபோது அதனைத் திருத்த வேண்டும் என்கிறோம். பிறருடையது நம் பெயரில் வழங்கும்போதும் அதே தராசைத்தான் நாம் கையில் எடுக்க வேண்டும்.

அப்படியானால், ஐயத்துக்கு இடமின்றி நமக்குரியது எது? இரண்டு பாத்திரங்களைக் காட்டுவோம்.

ராஸியின் பாத்திரம்

முதற் பாத்திரம் ரய் நகரத்து மருத்துவ மேதை முஹம்மது இப்னு ஸகரிய்யா அல்-ராஸியுடையது. ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக விளங்கி, கி.பி. 925 வாக்கில் மறைந்தவர் அவர். கிரேக்க மருத்துவர் காலினூஸைப் பெரிதும் போற்றியவராயினும், அவர்மீது தமக்கிருந்த ஐயங்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதிய துணிவும் அவருக்கிருந்தது. வேதியியலில் அவர் எழுதிய 'கிதாபுல் அஸ்ரார்' மந்திர மறைமொழிகளைத் தள்ளிவிட்டுக் கருவிகளையும் பொருள்களையும் செய்முறைகளையும் வரிசைப்படுத்திச் சொல்வது. தாதுப் பொருள்களை ஆவிகள், உலோகங்கள், கற்கள், துத்தங்கள், வெண்காரங்கள், உப்புகள் என ஆறு வகையாக அவர் பிரித்தார். அவருடைய வேதியியல் எழுத்துகளை ஆராய்ந்து, பத்தாம் நூற்றாண்டு ஈராக், பாரசீக நாடுகளின் வேதியியல் பற்றிய விரிவான ஆய்வை ஸ்டேபிள்டன், அஸூ, ஹிதாயத் ஹுசைன் ஆகிய மூவரும் 1927-இல் வெளியிட்டது நம் நாட்டுக் கல்கத்தாவிலிருந்துதான்.

அவருடைய செய்முறைகளுள் ஒன்று 'அல்கலி' பற்றியது. கடலோர உவர்நிலங்களில் விளையும் சாறு நிறைந்த செடிகளை எரித்தால் கிடைக்கும் சாம்பலுக்கு அரபுகள் வழங்கிய பெயர் அது. நம் கடற்கரைகளில் உமரி என்று வழங்கும் செடிகளும் அவ்வினத்தைச் சார்ந்தவையே. அச்சாம்பலில் மிகுதியாக உள்ள காரம், இன்று சலவைச் சோடா என நாம் அறியும் சோடியம் கார்பனேட். ராஸி அதற்குச் சம அளவு சுண்ணாம்பைச் சேர்த்து, ஏழு மடங்கு நீரை ஊற்றிப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சச் சொல்கிறார். பின்னர்த் தெளிந்த நீரைப் பன்முறை வடித்தெடுத்து உப்பாக உறையச் செய்யச் சொல்கிறார்.

அப்பாத்திரத்தில் நிகழ்வது என்ன? சலவைச் சோடாவும் சுண்ணாம்பும் தம் கூறுகளை மாற்றிக்கொள்கின்றன. ஒருபுறம் எரிசோடா பிறக்கிறது. அது நீரில் ஏராளமாகக் கரையும் பொருள். மறுபுறம் கால்சியம் கார்பனேட் பிறக்கிறது. அது சுண்ணாம்புக் கல்லேயாகும். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமில் நூற்றிலொரு பங்கு அளவுதான் அது கரையும். ஆகவே அது வெண்மையாகப் பாத்திரத்தின் அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது எரிசோடாக் கரைசல். கையை அரிக்கும் அக்கூரிய நீரைச் சுண்டக் காய்ச்சினால் கடுங்காரம் கிடைத்துவிடும். நாப்ளூஸிலும் ஹலப் நகரிலும் ஆலிவ் எண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சிச் செய்த புகழ்பெற்ற சவர்க்காரத்துக்கு அடிப்படையாக இருந்ததும் இவ்வகைச் சாம்பலும் சுண்ணாம்பும்தாம்.

ரம்மாஹின் பாத்திரம்

இரண்டாம் பாத்திரம் ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின், மம்லூக்குகளின் சாம் நாட்டில் அடுப்பேற்றப்பட்டது. சிலுவைப் போர்களின் இறுதிக் காலத்தில் வாழ்ந்து 1290-களில் மறைந்த நஜ்முத்தீன் ஹசன் அல்-ரம்மாஹ், குதிரையேற்றமும் போர்க்கலையும் பற்றித் தாம் எழுதிய நூலில் வெடியுப்பைத் தூய்மை செய்யும் முறையை விளக்கியிருக்கிறார். மண்ணிலிருந்து எடுக்கும் வெடியுப்பில் சோற்றுப்பும், கால்சியம், மக்னீசியம் சார்ந்த உப்புகளும் கலந்திருக்கும். கலப்புள்ள வெடியுப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும்; வெடிமருந்து நமத்துப் போகும். எனவே வெடியுப்பை நீரில் கரைத்துக் காய்ச்சி, மரச் சாம்பலைச் சேர்த்து, தெளிந்ததை வடித்து ஆறவைத்துப் படிகமாக்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழி.

இதில் இரண்டு நுட்பங்கள் அடங்கியுள்ளன. முதலாவது, ஆறவைத்துப் படிகமாக்குவது. கொதிக்கும் நீர் 100 கிராம் எடுத்துக்கொண்டால், அதில் வெடியுப்பு 240 கிராமுக்கு மேல் கரையும்; அந்நீரே 20 பாகை வெப்பத்துக்கு ஆறினால் சுமார் 32 கிராம்தான் கரைந்து நிற்க முடியும். சோற்றுப்போ அப்படியன்று, கொதிநீரில் சுமார் 39 கிராம், ஆறிய நீரில் சுமார் 36 கிராம், வேறுபாடு மிகக் குறைவு. ஆகவே 100 கிராம் வெடியுப்பும் 10 கிராம் சோற்றுப்பும் கலந்த சரக்கை 100 கிராம் கொதிநீரில் கரைத்து ஆறவிட்டால், ஏறத்தாழ 68 கிராம் வெடியுப்பு படிகமாகப் பிரிந்துவிடும்; சோற்றுப்பு முழுவதும் நீரிலேயே தங்கிவிடும். வெப்பத்தைத் தவிர வேறு கருவி எதுவுமின்றி இரண்டு உப்புகளைப் பிரித்துவிடலாம்.

இரண்டாவது, மரச் சாம்பல். அதிலுள்ள காரம் பொட்டாசியம் கார்பனேட். அது கால்சியம் உப்போடு கூறுகளை மாற்றிக்கொள்ளும்போது பயனுள்ள வெடியுப்பு மேலும் பெருகுகிறது. கால்சியமோ, கார்பனேட்டாகி அடியில் வெண்மையாகத் தங்குகிறது.

ராஸி எரிசோடாவைத் தேடினார். ரம்மாஹ் வெடியுப்பைத் தேடினார். ஒருவர் மருத்துவர், மற்றவர் போர்க்கலை வல்லுநர். ஒருவர் எடுத்தது கடலோரச் செடியின் சாம்பல், மற்றவர் எடுத்தது மரத்தின் சாம்பல். ஆயினும் இருவர் பாத்திரங்களின் அடியிலும் தங்கிய வெண்மை ஒன்றே. அதே சுண்ணாம்புக் கல். இவ்வொற்றுமை தற்செயலானதா? தற்செயலன்று என்பதற்குரிய விளக்கம் கிடைக்க மேலும் அறுநூறு ஆண்டுகள் ஆயின.

மின்சாரம் சொன்ன விடை

அறுநூறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்ததை எவருடைய குறையாகவும் சொல்வதற்கில்லை. விடை காணத் தேவையான கருவி மின்சாரம். இடையறாது ஓடும் மின்னோட்டத்தைத் தரும் அடுக்கை வோல்ட்டா அறிவித்தது 1800-இல்தான். அதே ஆண்டில் நிக்கல்சனும் கார்லைலும் மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பகுத்தனர். 1807-இல் ஹம்ஃப்ரி டேவி, சற்றே ஈரமாக்கிய பொட்டாஷில் மின்சாரத்தைச் செலுத்தியபோது அது உருகி, வெள்ளிபோல் மின்னும் உலோகத் துளிகள் வெளிப்பட்டன. நீரில் இட்டால் தீப்பற்றி ஊதாச் சுடருடன் எரியும் அவ்வுலோகமே பொட்டாசியம். சில நாள்களில் சோடியமும் அவ்வாறே பிரித்தெடுக்கப்பட்டது. பொட்டாசியத்துக்கு இன்றும் உலகெங்கும் வழங்கும் 'கே' என்னும் குறியீடு 'காலியம்' என்னும் இலத்தீன் பெயரின் முதலெழுத்து. அப்பெயரோ நம் அல்கலியின் வழிவந்தது. கடலோரச் செடிகளின் அல்கலியில் மிகுதியாக இருந்தது சோடியமாயினும், பெயர் பொட்டாசியத்தைச் சென்றடைந்தது வரலாற்றின் விளையாட்டு.

நீரில் கரைந்து மின்சாரத்தைக் கடத்தும் பொருள்களுக்கு மின்பகுளி என்றும், மின்முனைகளை நோக்கிச் செல்லும் கூறுகளுக்கு அயனி என்றும் பொருள்படும் சொற்களை 1834-இல் மைக்கேல் ஃபாரடே வழங்கினார். செல்வது என்பதே அயனி எனும் கிரேக்கச் சொல்லின் பொருள். சோற்றுப்பு, எரிசோடா, திராவகங்கள் ஆகியவற்றின் கரைசல்கள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. சர்க்கரைக் கரைசல் கடத்துவதில்லை. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெளிந்திருக்க, இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? மின்சாரம்தான் மூலக்கூறுகளைப் பிளக்கிறது என்பதே அந்நாளில் பரவியிருந்த கருத்து.

இதனை மாற்றியவர் சுவீடன் நாட்டு ஸ்வாந்தே அர்ரேனியஸ். அவர் 1884-இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, மின்பகுளிக் கரைசல்களின் மின்கடத்துதிறனைப் பற்றியது. தேர்வாளர்கள் அதற்கு மிகத் தாழ்ந்த தகுதியே வழங்கினர்; அவருடைய பல்கலைக்கழக வாழ்வுக்கே அது தடையாகும் நிலை இருந்தது. அவர் சோர்ந்துவிடாமல் ஆய்வேட்டைப் பிற நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ரீகா நகரிலிருந்த ஆஸ்ட்வால்ட் அதன் அருமையை உணர்ந்து, கடல் கடந்து உப்சாலாவுக்கே வந்து அவரைக் கண்டார். 1887-இல் அர்ரேனியஸ் தம் கொள்கையைத் துணிந்து கூறினார்: உப்பு நீரில் கரைந்தவுடனேயே அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது, மின்சாரம் வந்து பிளப்பதற்காக அது காத்திருப்பதில்லை.

எதிர்ப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. சோடியம் நீரைக் கண்டால் சீறும் உலோகம். குளோரின் நச்சுக் காற்று. இவை இரண்டும் உப்புநீரில் தனித்தனியே உலவுகின்றன என்றால் அந்நீரை நாம் எவ்வாறு வாயில் வைக்க முடியும்? மின்னேற்றம் பெற்ற அயனி வேறு, மின்னேற்றமற்ற அணு வேறு என்பதே இதற்கு விடை. 1897-இல் தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்த பின்னர் இது மேலும் தெளிவாயிற்று: ஓர் எலெக்ட்ரானை இழந்த சோடியத்துக்குச் சீறுவதற்குக் காரணமில்லை, ஓர் எலெக்ட்ரானைப் பெற்ற குளோரினுக்கு நச்சுத்தன்மை இல்லை.

அர்ரேனியஸின் கூற்றை நிலைநிறுத்திய சான்று நம் சிந்தனைக்குரியது. நீரில் ஏதேனும் கரைந்தால் அது உறையும் வெப்பநிலை தாழும். எத்தனை துகள்கள் கரைந்துள்ளன என்பதைப் பொறுத்தே அத்தாழ்வு அமையும். ஒரு கிலோ நீரில் 342 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் உறைநிலை ஏறத்தாழ 1.86 பாகை தாழ்கிறது. அதே எண்ணிக்கையுள்ள சோற்றுப்பு 58.5 கிராம், அதைக் கரைத்தாலோ தாழ்வு ஏறத்தாழ இருமடங்காகிறது. ஒன்று இரண்டாகப் பிரிந்தாலன்றி இது நிகழாது. பிரான்சில் ரவூல்ட் உறைநிலைகளை அளந்தார். ஹாலந்து நாட்டு வாண்ட் ஹாஃப் அவற்றுக்குக் கணக்கு வகுத்தார். எத்தனை பங்கு பிரிந்துள்ளது என்பதை மின்கடத்துதிறனிலிருந்து ஒருமுறையும், உறைநிலையிலிருந்து மற்றொருமுறையும் அர்ரேனியஸ் கணக்கிட்டார்; பெரும்பாலான பொருள்களில் இரு கணக்குகளும் ஒத்து நின்றன. ஒருவரையொருவர் சாராத இரு வழிகளில் வந்த அறிவிப்புகள் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதை நம் ஹதீஸ் வல்லுநர்கள் எவ்வளவு மதித்தனர் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் வலிமை எளிதில் விளங்கும். தாழ்ந்த தகுதி பெற்ற அந்த ஆய்வின் தொடர்ச்சிக்காகவே 1903-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அவர் கூறியவையும் முற்ற முடிந்தவை அல்ல. சோற்றுப்பு போன்ற வலிய மின்பகுளிகள் ஒரு பங்குதான் பிரிகின்றன என்று அவர் எண்ணினார். திண்ம உப்பே அயனிகளின் அடுக்குதான் என்று 1913-ஐ ஒட்டிப் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களால் காட்டினர். கரைசலில் அவை முழுவதும் பிரிந்து, ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு உலவுவதை 1923-இல் டெபையும் ஹியூக்கலும் கணக்கிட்டனர்.

மீண்டும் பாத்திரங்களுக்கு

இப்பொழுது நம் இரு பாத்திரங்களையும் மீண்டும் உற்று நோக்குவோம். ராஸியின் பாத்திரத்தில் சோடியம், ஹைட்ராக்சைடு அயனிகளும், ரம்மாஹின் பாத்திரத்தில் பொட்டாசியம், நைட்ரேட் அயனிகளும் வேடிக்கை பார்ப்பவைபோல் நீரில் நின்றுவிடுகின்றன. உண்மையில் கைகோத்தவை இரு பாத்திரத்திலும் கால்சியம் அயனியும் கார்பனேட் அயனியுமே. அவை ஒன்றையொன்று பற்றும் பிடி வலியது. நீர் மூலக்கூறுகளால் அப்பிடியை எளிதில் தளர்த்த இயலாது. எனவே அவை சந்தித்த இடமெல்லாம் வெண்ணிற வீழ்படிவு. மருத்துவர் செய்ததும் போர்வல்லுநர் செய்ததும் ஒரே வினை என்று அயனி இயல் நமக்குக் காட்டுகிறது. அவ்விருவரும் அதன் காரணத்தை அறிந்திருந்தனர் என்று நாம் சொல்லப் போவதில்லை; சொன்னால் அது மீண்டும் பழைய பிழையே. ஆனால் பொருளைக் கையாண்டு, அளவைக் குறித்து, முறையை மறைக்காமல் எழுதி வைத்தனர். அவர்கள் எழுதியபடி இன்று செய்தாலும் எழுதிய பொருளே கிடைக்கும். ஓர் அறிவிப்பின் உண்மைக்கு இதனினும் வேறு சான்று எதற்கு?

அறிவு ஓர் அமானத். ஒப்படைக்கப்பட்ட பொருளைக் குறைத்துக் கொடுப்பது எப்படி மோசடியோ, அப்படியே இல்லாததைச் சேர்த்துக் கணக்குக் காட்டுவதும் மோசடிதான். நம் பிள்ளைகள் நாளை கல்லூரிக்குச் சென்று, மேடையில் தாம் கேட்ட செய்தி ஐயத்துக்குரியது என்று அறியும் நாளில், அதனோடு உண்மையான ராஸியையும் ரம்மாஹையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடும் ஆபத்து உண்டு. மிகைப்பட்ட புகழ்மொழி மெய்யான புகழையும் கரைத்துவிடும். ஆகவே, இனி ஜாபிரைப் பற்றிப் பேசும்போது, அவர் பெயரால் வழங்கும் அரபு நூல்களில் உள்ளதை உள்ளவாறு சொல்வோம். திராவகங்களின் வழக்கு இன்னும் நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வோம். அல்கலி என்னும் சொல் நம்முடையது. அச்சாம்பலைக் காய்ச்சிய பாத்திரம் நம்முடையது. அதன் அடியில் தங்கிய வெண்மையும் நம்முடையது. அந்த வெண்மைக்குப் பொருள் சொன்னவர் சுவீடன் நாட்டவர். அவருக்குரியதை அவருக்கும், நமக்குரியதை நமக்குமாகப் பிரித்துச் சொன்னால், நம் பங்கு குறைந்துவிடாது.